கைத்துப்பாக்கியும் மனிதன் விரலும்



சில வாரங்களுக்கு முன்னர் உயர்வகுப்பு மாணவர்க்கு முதலாம் உலகப் போரின் வரலாற்றைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். 1914ஆம் ஆண்டு யூன் மாதம் 28ஆம் நாள், சரயேவோ நகரிலே, 19 வயதினனான கவ்ரிலோ பிரின்சிப் இருமுறை சுட்டான். ஒஸ்திரிய முடிக்குரிய இளவரசர் பிரான்ஸ் பேர்டினண்டும் அவர் மனைவி சோபியும் மாண்டனர் என்று கூறினேன். அப்பொழுது ஒரு மாணவன் எழுந்து, முதல் வேட்டுக்கும் இரண்டாவது வேட்டுக்கும் இடையில் அவனுக்குச் சிந்திக்க நேரம் இருக்கவில்லையா என வினவினான். நான் கலைப் பட்டதாரி, பொறிகளைக் கற்றவனல்லன். ஆயினும் அவ்வினாவுக்கு விடை காண, பிரின்சிப்பின் கையிலிருந்த கருவியின் கதையை அறிதல் வேண்டும் என உணர்ந்தேன்.

பழங்காலக் கைத்துப்பாக்கி ஒருமுறை வெடித்தால், மறுமுறை சுடுவதற்கு மருந்தையும் குண்டையும் குழலின் வாய்வழியே இட்டு இடித்தல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பெருவழக்குற்ற றிவோல்வர் அத்தாமதத்தைப் போக்கியது. அதன் உருளை, வேட்டுக்கு ஓர் அறையாகச் சுழன்று தோட்டாவைக் கொடுத்தது. எனினும் உருளையைச் சுழற்றும் வலிமை சுடுபவனின் கையிலிருந்தே வந்தது.

துப்பாக்கி வெடிக்கும்போது பின்னே உதைக்கும் என்பதை யாவரும் அறிவர். குண்டு முன்னே பாய்கிறது. துப்பாக்கி பின்னே தள்ளப்படுகிறது. நியூற்றனின் மூன்றாம் விதி இதுவே. மனிதர் நெடுங்காலம் பொறுத்துக்கொண்ட இவ்வுதைப்பை வேலைக்காரனாக்கியவர், அமெரிக்காவிற் பிறந்து இலண்டனில் உழைத்த ஹைரம் மாக்சிம். அவருடைய இயந்திரத் துப்பாக்கி 1880களில் உருவாயிற்று. 1884இல் பிரான்சிய அறிஞர் போல் வியேய் புகையற்ற வெடிமருந்தை ஆக்கினார். பழைய கரிமருந்தின் கசடு நுண்ணிய உறுப்புக்களை அடைத்துவிடும்; புதிய மருந்தோ மிகக் குறைந்த கசடுடன் எரிந்தது. இவ்விரண்டும் கூடியபோது, தானே தோட்டா ஏற்றும் கைத்துப்பாக்கிக்கு வழி திறந்தது.

1893இல் ஹியூகோ போர்ஹாட் அமைத்த கைத்துப்பாக்கியைப் பேர்ளினிலிருந்த லுட்விக் லோவே நிறுவனம் செய்து விற்றது. அதன் பூட்டு நம் முழங்காலைப் போன்றது. நேராக நிற்கும் கால் பாரத்தைத் தாங்கும். சிறிது மடங்கினால் தளரும். வெடிக்கும் கணத்தில் நேராக நின்ற பூட்டு, குழல் சிறிது பின்வாங்கியதும் மடங்கித் திறந்தது. பருமனான அக்கருவியை கேயோர்க் லூகர் திருத்தியமைத்தார். அதனை 1900இல் சுவிற்சர்லாந்துப் படையும் 1908இல் ஜேர்மன் தரைப்படையும் ஏற்றன.

அமெரிக்காவின் யூற்றா மாநிலத்தில் 1855இல் பிறந்த ஜோன் பிறவுணிங் வேறு வழி கண்டார். வலிமை குறைந்த தோட்டாவுக்குப் பூட்டே வேண்டியதில்லை; மேலே வழுக்கிச் செல்லும் உறையின் பாரமும் சுருள்வில்லின் தடையும் போதும் என்பதே அவ்வழி. வேட்டின் விசை உறையைப் பின்னே தள்ளுகிறது. அப்போது ஒரு சிறு கொக்கி வெறுங்கோதை இழுக்க, அது வெளியே எறியப்படுகிறது. சுடும் பொறியும் ஆயத்தமாகிறது. அமுங்கிய சுருள்வில் மீள விரிந்து உறையை முன்னே தள்ள, கைப்பிடியினுள் அடுக்கப்பட்ட தோட்டாக்களில் மேலுள்ளது குழலினுள் நுழைகிறது. இவையனைத்தும் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். வலிய தோட்டாவுக்கென அவர் பூட்டுடன் அமைத்த கைத்துப்பாக்கியை 1911இல் அமெரிக்கப் படை ஏற்றது.

பிரின்சிப்பின் கையிலிருந்தது பிறவுணிங் அமைத்த 1910ஆம் ஆண்டு வகை. பெல்ஜியத்தின் லியேஜ் நகரை அடுத்த ஹேர்ஸ்தாலிற் செய்யப்பட்டது. அவன் சுட்டு ஆறு வாரம் நிரம்புமுன், மேற்கு முனையின் முதற் பெருஞ்சமர் அந்த லியேஜ் நகரிலேயே மூண்டது. கருவியைச் செய்த ஊரின் வாசலுக்கே அதன் விளைவு வந்து சேர்ந்தது.

இனி அம்மாணவனின் வினாவுக்கு வருவோம். இக்கருவியை அரைத் தானியங்கி என்கிறோம். ஏன் அரை? விசையை விடாது அழுத்திக்கொண்டிருந்தாலும் இரண்டாவது வேட்டு எழாது. ஒவ்வொரு வேட்டின் பின்னரும், விசைக்கும் சுடும் பொறிக்கும் உள்ள தொடர்பை ஒரு சிறு உறுப்புத் துண்டித்துவிடுகிறது. விரலைத் தளர்த்தி மீண்டும் அழுத்தினாற்றான் அடுத்த குண்டு புறப்படும். ஏற்றுதல், வெளியேற்றுதல், ஆயத்தமாக்குதல் என்னும் தொழில்களைப் பொறி ஏற்றுக்கொண்டது; சுடுவதா விடுவதா என்னும் முடிவை மட்டும் மனிதனிடமே விட்டது.

இரண்டாவது குண்டு ஆளுநர் பொத்தியோரெக்குக்கென எண்ணியது என்றும், சோபியைக் கொல்ல நினைக்கவில்லை என்றும் பிரின்சிப் பின்னர் கூறினான். ஆகவே மாணவனுக்கு நான் அளித்த விடை இது: நேரம் இருந்தது, ஆனால் ஒரு விரல் தளர்ந்து மீண்டும் மடங்கும் நேரமே இருந்தது. அத்துணைச் சிறிய இடைவெளியில் நல்லறிவு பிறவாது. முன்னரே வளர்த்த நல்லறிவுதான் அங்கே விரலைத் தடுக்க முடியும். அதனை வளர்ப்பதே வீட்டினதும் பள்ளியினதும் பணி.