கடை மூடியிருக்கும் நாட்களுக்கும் விலை உண்டு



புரட்டாசி பிறந்ததும் நம் ஊர்களில் அசைவ உணவகங்களின் கல்லா மெலிந்துவிடும். பல முதலாளிகள் அந்த மாதத்தில்தான் கடையை மூடிப் புதுப்பிக்கும் வேலையில் இறங்குகிறார்கள். நல்ல யோசனை. வியாபாரம் எப்படியும் குறைவு. ஐப்பசி மழை பிடிப்பதற்குள் பூச்சும் பெயின்ட்டும் காய்ந்துவிடும். தீபாவளிக் கூட்டத்துக்குக் கடை தயார். சைவக் கடைக்கு இதே கணக்கு தலைகீழ். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அங்கே உட்கார இடம் கிடைக்காது. அவர்கள் வேறு மாதம்தான் பார்க்க வேண்டும்.

பணத்தைப் பற்றிப் பேச வந்துவிட்டு மாதத்தைப் பற்றிப் பேசக் காரணம் இருக்கிறது. புதுப்பிக்க எவ்வளவு ஆகும் என்று கேட்டால் டைல்ஸ், நாற்காலி, ஏ.சி., ஃபால்ஸ் சீலிங் என்று எல்லோரும் கூட்டுகிறார்கள். கடை மூடியிருக்கும் நாட்களின் செலவைப் பெரும்பாலும் யாரும் அந்தத் தாளில் எழுதுவதில்லை. ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். நாற்பது பேர் உட்காரும் கடை. வாடகை மாதம் 45,000 ரூபாய். வேலையாட்கள் எட்டுப் பேருக்கு, ஆளுக்குச் சராசரியாக நாளொன்றுக்கு 700 ரூபாய் சம்பளம். அப்படியானால் ஷட்டர் மூடியிருக்கும் ஒவ்வொரு நாளும் 7,100 ரூபாய் போகிறது. இருபது நாளைக்கு 1,42,000. வேலை இன்னும் பத்து நாள் இழுத்தால் மேலும் 71,000. போன வருமானம் இதில் சேரவே இல்லை.

மூடிய நாட்களுக்குச் சம்பளத்தை நிறுத்தலாமே என்று தோன்றும். பரோட்டா மாஸ்டருக்கும் குடும்பம் இருக்கிறது. அவர் காத்திருக்க மாட்டார். அடுத்த தெருக் கடைக்காரர் அட்வான்ஸ் கொடுத்து அழைத்துக்கொள்வார். பளபளக்கும் கடையைத் திறக்கும்போது, வாடிக்கையாளர் தேடி வந்த கைப்பக்குவம் அங்கே இருக்காது. ஆகவே சம்பளத்தைச் செலவுக் கணக்கிலேயே எழுதிவிடுங்கள். ஹாலில் வேலை நடக்கும்போது சமையலறையைத் தூசி புகாமல் நன்றாக அடைத்து, பார்சல் மட்டும் ஓட்ட முடியுமா என்றும் பாருங்கள். வாடகைக்காவது பணம் வரும்.

அடுத்தது வரி. சாதாரண உணவகங்கள் வாடிக்கையாளரிடம் 5 சதவீத ஜி.எஸ்.டி. வாங்குகின்றன. 2017 நவம்பரில் வந்த இந்த ஏற்பாட்டில், நீங்கள் பொருள் வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உரிமை கிடையாது. காண்ட்ராக்டர் ஆறு லட்சம் என்று சொல்லி, ‘ஜி.எஸ்.டி. தனி’ என்று அடியில் சின்ன எழுத்தில் எழுதியிருப்பார். 18 சதவீதம் சேர்த்தால் 7,08,000. அந்த 1,08,000 ரூபாய் திரும்ப வராத பணம். விலை கேட்கும்போதே வரியோடு சேர்த்துக் கேளுங்கள்.

இருக்கிற பணத்தை எங்கே முதலில் போடுவது? என் பதில் சமையலறை. வாடிக்கையாளர் கண்ணில் படாத இடம் என்பதாலேயே அதைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். தரைக்குச் சரியான வாட்டம் இல்லாமல் டைல்ஸ் ஒட்டிவிட்டால், தண்ணீர் தேங்குகிறது என்று ஆறு மாதத்தில் அதே டைல்ஸை உடைக்க வேண்டும். கழிவுநீர்க் குழாய்க்கு முன்னால் எண்ணெயைப் பிரிக்கும் தொட்டி வைக்காவிட்டால் கொழுப்பு உறைந்து சாக்கடை அடைக்கும். எக்ஸாஸ்ட் சரியில்லாத கடையில் தாளிப்பு நெடி ஹாலுக்குள் வரும். எவ்வளவு விலை கொடுத்த சுவர் அலங்காரமும் சில மாதங்களில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிப்போகும். அடுப்படியில் பத்து மணி நேரம் நிற்கிற மனிதர்களின் மூச்சுக்கும் நல்ல எக்ஸாஸ்ட்தான் வழி. இதற்குச் செலவழிக்கத் தயங்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடே கிடையாது.

மின்சாரமும் அப்படித்தான். ஒன்றரை டன் ஏ.சி. ஒன்று ஏறக்குறைய ஒன்றரை கிலோவாட் இழுக்கும். நான்கு மாட்டினால் ஆறு கிலோவாட். உங்கள் இணைப்பில் அவ்வளவு இடம் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் கூடுதல் மின்பளுவுக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். வயரிங்கை மாற்றிய பிறகுதான் ஃபால்ஸ் சீலிங் அடிக்க வேண்டும்.

பார், மாடி உணவகம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2017 டிசம்பர் 29-ஆம் தேதி நள்ளிரவுக்குச் சற்றுப் பின், மும்பை கமலா மில்ஸ் வளாகத்தின் மாடி உணவகங்களில் தீப்பிடித்து 14 பேர் இறந்தார்கள். எளிதில் பற்றிக்கொள்ளும் அலங்காரப் பொருட்கள் தீயை வேகமாகப் பரவவிட்டன. மலிவான திரையையும் ஓலைத் தட்டியையும் வைத்து அழகு செய்யும்போது இதை மறக்காதீர்கள். தீயணைப்புக் கருவிக்கும் தடையில்லாத இரண்டாவது வழிக்கும் பணம் ஒதுக்கிவிட்டுத்தான் விளக்கு அலங்காரத்துக்கு ஒதுக்க வேண்டும்.

மரவேலையில் ஒரு சின்ன விஷயம். கை கழுவும் இடத்திலும் கவுன்ட்டருக்கு அடியிலும் தண்ணீர் படும். அங்கே ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் போடுங்கள். மற்ற இடத்துக்குச் சாதாரணப் பிளைவுட் போதும். கடை முழுக்க விலை உயர்ந்ததைப் போடுவது வீண்.

மொத்தத் தொகையில் 10 முதல் 15 சதவீதத்தை எதற்கும் ஒதுக்காமல் தனியே வையுங்கள். பழைய கட்டடத்தில் சுவரை உடைத்தால்தான் உள்ளே குழாய் இற்றுப்போயிருப்பது தெரியும். காண்ட்ராக்டருக்கு வேலை முடிய முடியப் பணம் கொடுங்கள். கடைசித் தவணையைக் கடை திறந்து எல்லாம் ஓடுவதைப் பார்த்த பிறகு கொடுப்பதாக முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

இத்தனைக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். பல கடைகள் 11 மாத ஒப்பந்தத்தில்தான் ஓடுகின்றன. ஒட்டிய டைல்ஸையும் அடித்த சீலிங்கையும் பெயர்த்து எடுத்துப் போக முடியாது. காலி செய்தால் அவை கட்டட உரிமையாளருக்கே. போட்ட முதல் திரும்பி வர எத்தனை ஆண்டு ஆகுமோ, அத்தனை ஆண்டுக்காவது ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள். அதற்கு உரிமையாளர் சம்மதித்த பிறகு டைல்ஸ் கடைக்குப் போங்கள்.