தகட்டுக்கு உருக் கொடுத்தல்

மோட்டார்க் காரின் கதவைத் தடவிப் பாராதவர் உங்களில் எவரும் இரார். வழுவழுவென்று ஓடும் அந்த வளைவு எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பார்த்தவர் சிலரே. ஏறக்குறைய 0.7 மில்லிமீட்டர் கனமுள்ள எஃகுத் தகட்டை, மேலும் கீழுமாக அமைந்த இரண்டு வார்ப்பிரும்பு அச்சுக்களுக்கு நடுவே வைத்து, பல நூறு டன் விசையோடு பிரஸ் அழுத்துகிறது. தகடு கதவாகிறது. அந்த அச்சுக்கு 'டை' என்று பெயர். அதைச் செய்வதே என் தொழில்.

தகடு எளிதில் நமக்கு இணங்குவதில்லை. அதன் ஓரத்தைப் பற்றிக்கொள்ளும் வளையத்தின் பிடி இறுகினால் கிழியும்; தளர்ந்தால் பாவாடை மடிப்பைப் போலச் சுருங்கும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சிறிய எல்லைதான் நமக்கு உரியது. இன்னொரு குணமும் அதற்கு உண்டு. எஃகு தன் பழைய நிலையை மறப்பதில்லை. மடித்து, அழுத்தத்தை நீக்கியதும் சற்றே நிமிர்ந்துகொள்ளும். 90 பாகை வேண்டுமானால் ஓரிரு பாகை மிகுதியாகவே மடிக்க வேண்டும். இக்காலத்து வலிமை மிகுந்த எஃகுகளிலோ இந்தத் திமிறல் இன்னும் அதிகம்.

வெட்டும் டையின் கதை வேறு. 'பஞ்ச்' என்னும் மேற்பாகத்துக்கும் டைக்கும் இடையே, ஒவ்வொரு பக்கத்திலும், தகட்டின் கனத்தில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு வரை இடைவெளி விடுவது வழக்கம். 1 மில்லிமீட்டர் தகடென்றால் அது ஒரு தலைமயிரின் பருமன்தான். மிகுந்துவிட்டால் விளிம்பில் பிசிறு நிற்கும்; கையைக் கிழிக்கும். ஒரு கதவில் மட்டுமா? அந்த டையில் பிறக்கும் இலட்சம் கதவுகளிலும் நிற்கும்.

கணிப்பொறி வந்தபின் உங்களுக்கு என்ன வேலை என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். தகடு எங்கே கிழியும் என்பதை அது முன்கூட்டியே காட்டுகிறது. எந்திரம் அச்சைக் குடைந்தும் தந்துவிடுகிறது. எனினும் அச்சு பிரஸ்ஸில் ஏறியதும், தகட்டில் நீல மை பூசி அழுத்திப் பார்க்கிறோம். மை ஒட்டிய இடம் மேடு. அதைச் சாணைக்கல்லால் சிறிது சிறிதாகத் தேய்த்து, மறுபடியும் மை பூசி, மறுபடியும் அழுத்துகிறோம். பெரிய அச்சுக்கு இது வாரக்கணக்கில் நீளும். எங்கே நிறுத்துவது என்பதைக் கைதான் அறியும். மிகுதியாகத் தேய்த்துவிட்டாலோ பற்றவைத்து நிரப்பி, முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இத்தொழிலைக் கற்பிக்க, 1968-இல் ஐதராபாத்தில் ஏற்பட்ட மத்தியக் கருவி வடிவமைப்பு நிலையமும், பல தொழிற்பயிற்சி நிலையங்களும் இருக்கின்றன. அங்கே தொடக்கத்தில் உங்கள் கைக்கு வருவது அரம். ஓர் இரும்புக் கட்டியைச் சதுரமாக அராவச் சொல்வார்கள். மூலைமட்டத்தை அதன்மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், இடையில் ஒளிக்கீற்றுத் தெரியலாகாது. தெரிந்தால், மறுபடியும் அராவ வேண்டும்.