காதுக்குள் ஓடும் தறி

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை)



வங்கிக் கடனும் வட்டியும் பேசுற மேடையில காதைப் பத்திப் பேசச் சொல்லியிருக்கீங்க. பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் தறிக்குப் போற பெண்கள் கிட்ட நான் அடிக்கடி கேட்கிற புகார் இதுதான். "காதுக்குள்ள சில்வண்டு கத்துதுங்க." "குக்கர் விசில் நிக்காமக் கேட்குதுங்க." ஒரு அக்கா சொன்னாங்க: "தறியை நிறுத்திட்டு வீட்டுக்கு வந்து படுத்தாலும் தறி ஓடுது சிஸ்டர்." இதை வீட்டுல சொல்றதில்லை. சொன்னா பைத்தியம்னு நினைச்சுடுவாங்கன்னு பயம்.

இது பைத்தியம் இல்லை. யாரோ பேசுற மாதிரி வார்த்தையாக் குரல் கேட்டா அது வேற விஷயம். அதுக்கும் டாக்டர் இருக்காங்க, வெட்கப்பட வேண்டாம். நான் சொல்றது வெறும் இரைச்சல்.

அது எப்படி வருது? உள்காதுல நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஒரு உறுப்பு இருக்கு. அதுக்குள்ள ஒவ்வொரு காதுக்கும் சுமார் 15,000 நுண்ணிய மயிர்ச் செல்கள். சத்தத்தை வாங்கி மூளைக்கு அனுப்புறது அதுங்கதான். வருஷக்கணக்கா பெருஞ்சத்தத்துல நின்னா அதுங்க செத்துப் போகுது. தலைமுடி மாதிரி மறுபடி முளைக்காது. வர வேண்டிய சத்தம் வராதப்ப, ரேடியோ சரியா எடுக்கலைன்னா நாம வால்யூமைத் திருகுவோமே, அந்த மாதிரி மூளை தானே திருகி வைக்குது. அப்ப வர்ற கொர்ர்தான் உங்களுக்குக் கேட்குது.

85 டெசிபல் சத்தத்துல ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம்னு ஒரு கணக்கு. அதுக்கு மேல 3 டெசிபல் கூடினா நேரம் பாதியாக் குறையணும். 88-ன்னா 4 மணி, 94-ன்னா ஒரே மணி. நாடா அடிக்கிற தறிக்குடோன்ல சத்தம் 90-ஐத் தாண்டிடும். அளக்க மெஷின் வேண்டாம். கைநீட்டுற தூரத்துல நிக்கிறவங்க கிட்டக் கத்தித்தான் பேசணும்னா அந்த இடம் காதுக்கு ஆகாது.

எல்லா இரைச்சலும் தறியால வர்றதில்லை. காதுக்குரும்பை அடைச்சிருந்தாக் கூட வரும்; எடுத்துவிட்டா பெரும்பாலும் நின்னுடும். ஹேர்பின், தீக்குச்சி, சூடு பண்ணின எண்ணெய் எதுவும் உள்ள போகக் கூடாது. அதிக அளவு ஆஸ்பிரின், சில டிபி ஊசி இதுங்களாலயும் வரும். அதுக்காக மருந்தை நீங்களா நிறுத்திடாதீங்க, எழுதிக் கொடுத்தவர் கிட்டச் சொல்லுங்க. நாடித் துடிப்போட சேர்ந்து 'தொப் தொப்'னு கேட்டா பிபியும் ரத்தசோகையும் பார்த்தே ஆகணும். நம்ம பெண்களுக்கு ரத்தம் கம்மிங்கிறது புதுசா சொல்ல வேண்டியதில்லை.

காத்திருக்கவே கூடாத சமயமும் உண்டு. திடீர்னு ஒரு காது கேட்காமப் போயிட்டா, சளின்னு நினைச்சு ஒரு வாரம் பார்க்காதீங்க. அன்னைக்கோ மறுநாளோ காது மூக்கு தொண்டை டாக்டர் கிட்டப் போங்க. முதல் சில நாள்ல மருந்து கொடுத்தாத்தான் கேள்வி திரும்ப வாய்ப்பு. ஒரே காதுல மட்டும் இரைச்சல், தலைசுத்தல், சீழ் இருந்தாலும் காட்டணும்.

இப்பப் பணத்துக்கு வர்றேன். ஒரு குழுவுல ஒரு சகோதரி 15,000 ரூபாய் உள்கடன் வாங்கி, இரைச்சலை அடியோட நிறுத்துறேன்னு சொன்ன இடத்துல கொடுத்தாங்க. இரைச்சல் நிக்கலை, தவணை மட்டும் ஓடுச்சு. மயிர்ச் செல் செத்து வந்த இரைச்சலை அடியோட நிறுத்துற மாத்திரையோ தைலமோ இன்னைக்கு வரைக்கும் கிடையாது. அதனால இந்தக் கடன் விண்ணப்பம் கூட்டத்துக்கு வந்தா, பணத்துக்கு முன்னாடி அவங்களை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போய் கேள்வித்திறன் சோதனை செய்யுங்க. கேள்வி குறைஞ்சிருந்தா காதொலிக் கருவி போட்டதும் பலருக்கு இரைச்சலும் அடங்குது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கிடைக்கிற அளவுக்குக் குறைஞ்சிருந்தா கருவி இலவசமாவே வாங்கலாம்.

அப்ப இதோட வாழுறது எப்படி? ராத்திரி எல்லாம் அடங்கினப்பத்தான் இது பெரிசாக் கேட்கும். அதனால முழு அமைதியில படுக்காதீங்க. ஃபேன் ஓடட்டும், ரேடியோவை மெல்லமா வையுங்க. இரைச்சலை மூடுற அளவுக்கு வைக்க வேண்டாம். பக்கத்துல இன்னொரு சத்தம் இருந்தாப் போதும். 'இன்னும் கேட்குதா'ன்னு காதைக் கொடுத்துப் பார்க்கிறதை விடணும். ஆபத்தில்லைன்னு தெரிஞ்சா, மூளை அதைக் கொஞ்சங் கொஞ்சமா ஒதுக்கிடும். மாசக்கணக்கு ஆகும். தூக்கம் கெட்டா, மனசு தளர்ந்தா, அதையும் டாக்டர் கிட்டச் சொல்லுங்க.

மிச்சம் இருக்கிற கேள்வியைக் காப்பாத்தணுமே! காதுல பஞ்சு வச்சா பெருசாப் பிரயோஜனமில்லை. ஸ்பான்ஜ் மாதிரி இருக்கிற காதடைப்பானை விரல்ல உருட்டி ஒல்லியாக்கி, இன்னொரு கையால காது மடலை மேல இழுத்துப் பிடிச்சு உள்ள விட்டு, அது விரியிற வரைக்கும் அழுத்திப் பிடிக்கணும். முதலாளி வாங்கித் தர வேண்டிய பொருள் இது. ஒருத்தரா கேட்டா சிரிப்பாங்க, குழுவாப் போய்க் கேளுங்க.

ரெண்டு டப்பா கொண்டு வந்திருக்கேன். டீ குடிச்சுட்டு மேடைக்குப் பக்கத்துல வாங்க, போட்டுக் காட்டுறேன். தறி ஓட்டுறவங்களும் தார் சுத்துறவங்களும் முதல்ல வரட்டும்.