பார்த்துப் பிடிக்கும் மீன்

(கரையோர மீன்பிடிப்பு பற்றிய தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நெறியாளர் எனக்குக் கொடுத்திருக்கும் கேள்வி கொஞ்சம் காரமானது. "ஈட்டியால் குத்தி மீன் பிடிப்பது கொடுமை இல்லையா?" என்று கேட்டிருக்கிறார். எனக்கு முன் பேசிய இரண்டு அன்பர்களில் ஒருவர் வலையைப் பற்றிச் சொன்னார், மற்றவர் தூண்டிலைப் பற்றிச் சொன்னார். அவர்களிடம் யாரும் இப்படிக் கேட்கவில்லை. ஈட்டி என்றதும் நமக்கு இரத்தம் நினைவுக்கு வந்துவிடுகிறது.

வலை வீசுகிறவருக்கு உள்ளே என்ன வந்து விழும் என்று தெரியாது. தூண்டில் போடுகிறவருக்கும் தெரியாது. குஞ்சு மாட்டலாம், சினை மீன் மாட்டலாம், யாருக்கும் வேண்டாத மீனும் மாட்டலாம். ஈட்டிக்காரர் ஒருவர்தாம் மீனை முதலில் பார்க்கிறார். என்ன இனம், எவ்வளவு நீளம் என்று பார்த்த பிறகுதான் அடிக்கிறார். ஆகையால், தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்ல அவருக்கு மட்டும் இடமே இல்லை. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு, நான் மேலே சொல்லப்போவதைக் கேளுங்கள்.

இது நமக்குப் புதிய வேலையும் அன்று. சங்கப் பாடல்களில் பரதவர் கையில் எறியுளி இருக்கிறது. மூங்கில் காம்பில் கூரான உளியைப் பொருத்திப் பெரிய மீன் மீது எறிவார்கள். இங்கே மலாய்க் கம்பங்களில் பல முனைகள் கொண்ட செரம்பாங் உண்டு. படகில் நின்றபடி, அல்லது முழங்கால் அளவுத் தண்ணீரில் நடந்தபடி குத்துவார்கள்.

அப்படி மேலிருந்து குத்துகிறவர் முதலில் தம் கண்ணைச் சந்தேகிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். தண்ணீரிலிருந்து வெளியே வரும் ஒளி வளைந்து வருகிறது. நேர் மேலிருந்து பார்த்தால், நான்கு அடி ஆழத்தில் இருக்கும் மீன் மூன்று அடியில் இருப்பதுபோல் தெரியும். சாய்வாகப் பார்த்தால் இன்னும் மேலே தூக்கித் தெரியும். தெரிகிற இடத்தில் குத்தினால் ஈட்டி மீனின் முதுகுக்கு மேலே போய்விடும். அதனால்தான் பழகியவர்கள் மீனுக்குக் கீழே குறி வைக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் டம்ளர் தண்ணீரில் பென்சிலை வைத்துக் காட்டினார்களே, அதே பாடம்தான்.

மீன் நம்மை எப்படிப் பார்க்கிறது? தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வெளி உலகம் முழுவதும், அதாவது அடிவானம் முதல் அடிவானம் வரை, ஏறத்தாழ 97 பாகை கொண்ட ஒரு வட்டச் சாளரத்துக்குள் சுருங்கித் தெரியும். அந்த வட்டத்துக்கு வெளியே தண்ணீரின் மேல்பரப்பு கண்ணாடிபோல் ஆகி, கடலடியைத்தான் காட்டும். படகில் நிமிர்ந்து நிற்கிறவர் அந்தச் சாளரத்தில் பெரிதாகத் தெரிவார். குனிந்து உட்கார்ந்தால் விளிம்போடு நசுங்கிப்போவார். பெரியவர்கள் "படகில் எழுந்து நிற்காதே" என்று அதட்டுவது படகு கவிழ்ந்துவிடும் என்பதற்காக மட்டும் இல்லை.

நம் மேற்குக் கரையில் கலங்கல் அதிகம். கிள்ளான் பக்கத்துச் சேற்றுத் தண்ணீரில் முக்குளித்து மீன் தேடுவது வீண் வேலை. கிழக்குக் கரைத் தீவுகளும் சபாவும்தான் இதற்கு ஏற்றவை. கிழக்குக் கரையிலும் நவம்பர் முதல் மார்ச் வரை பருவக்காற்று கடலைக் கலக்கிவிடும்.

தண்ணீருக்குள் இறங்கியதும் கணக்கு மாறுகிறது. முகக் கண்ணாடி அணிந்தால் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், நான்கில் ஒரு பங்கு அருகிலும் தெரியும். முதல் முறை இறங்குகிறவர் எட்டாத தூரத்தில் அம்பை விட்டுவிட்டு, "எவ்வளவு பெரிய மீன் தெரியுமா!" என்று கரையில் கதை சொல்வதற்கு இதுவே காரணம். அவர் பொய் சொல்லவில்லை, பாவம்.

கண்ணாடியே இல்லாமல் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். தாய்லாந்தின் சூரின் தீவுகளில் வாழும் மோக்கன் இனக் குழந்தைகளைச் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் சோதித்து, 2003ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். ஐரோப்பியக் குழந்தைகளைவிட அந்தக் குழந்தைகளின் பார்வை தண்ணீருக்கடியில் இரண்டு மடங்குக்கு மேல் கூர்மையாக இருந்தது. கண்மணியைச் சுருக்கிக்கொள்ள அவர்கள் பழகியிருக்கிறார்கள். பிறகு ஐரோப்பியக் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்தபோது அவர்களுக்கும் அது கைவந்தது.

நம் சபாவில் செம்பூர்ணா வட்டாரத்துப் பஜாவ் லாவுட் மக்களும் இப்படிக் கடலோடு கடலாக வாழ்கிறவர்கள். மரத்தில் தாங்களே செதுக்கிய ஈட்டித் துப்பாக்கி, ரப்பர் பட்டை, ஓர் இரும்புக் கம்பி, மரச்சட்டத்தில் கண்ணாடி பொருத்திய நீர்க்கண்ணாடி, இவ்வளவுதான் அவர்களின் முதலீடு. இந்தோனேசியாவின் சுலாவேசியில் வாழும் பஜாவ் மக்களைப் பற்றி 2018இல் ஓர் ஆய்வு வந்தது. பக்கத்து ஊர்க்காரர்களைவிட அவர்களுக்கு மண்ணீரல் ஏறத்தாழ 50 விழுக்காடு பெரிதாக இருந்தது. மூச்சை அடக்கும்போது மண்ணீரல் சுருங்கி, உயிர்வளி ஏந்திய இரத்த அணுக்களை உடலுக்குள் விடும். முக்குளிக்கும் வேலைக்கே போகாத பஜாவ்காரர்களுக்கும் அது பெரிதாக இருந்ததுதான் வியப்பு. பரம்பரையாக வந்தது. நீங்களும் நானும் நினைத்தால் வளர்த்துக்கொள்ள முடியாது.

துரத்தினால் கிடைக்காது

இனி மீனுக்கு வருவோம். மீனுக்குக் காது இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். வெளியே தெரியும் காதுதான் இல்லை. தலைக்குள் உட்செவி உண்டு, அதில் சிறு கற்கள் உண்டு. ஒலி தண்ணீரில் விநாடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் போகும், காற்றில் போவதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். காலில் மாட்டிய துடுப்பு தண்ணீரின் மேல்பரப்பில் "சளப்" என்று ஒரு முறை அடித்தால் போதும், சுற்றுவட்டாரம் முழுவதும் செய்தி போய்விடும்.

போதாததற்கு மீனின் உடல் நெடுகப் பக்கக்கோடு என்று ஒன்று ஓடுகிறது. அருகில் தண்ணீர் அசைந்தால் அதுவே உணர்ந்துகொள்ளும். மூளையின் பின்பகுதியில் இரண்டு பெரிய நரம்பணுக்கள், தப்பி ஓடுவதற்கென்றே காத்திருக்கின்றன. ஆபத்து என்று தெரிந்தால் விநாடியின் நூறில் ஒரு பங்கு அளவிலேயே கட்டளை பிறந்து, மீன் அரிவாள்போல் வளைந்து பாய்ந்துவிடும். இதைத் துரத்திப் பிடிக்கலாம் என்று நினைப்பது நம் அறியாமை.

ஆகவே தேர்ந்தவர்கள் துரத்துவதில்லை. காத்திருக்கிறார்கள். இத்தாலிக்காரர்கள் இதற்கு 'அஸ்பெட்டோ' என்று பெயரே வைத்திருக்கிறார்கள், காத்திருத்தல் என்று பொருள். ஓசையில்லாமல் இறங்கி, ஒரு பாறையின் பின்னால் படுத்து, அசையாமல் கிடப்பார்கள். மீன்களுக்கு ஆர்வம் அதிகம். பாரை மீன் இருக்கிறதே, அது எது புதிதாகக் கிடந்தாலும் வந்து ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் போகும். சிலர் விரலால் பாறையைச் சுரண்டுவார்கள், கொஞ்சம் மணலை எடுத்துத் தூவுவார்கள். ஏதோ ஒன்று அங்கே இரை தின்கிறது என்று நினைத்து மீன் நெருங்கி வரும்.

அப்போது அதன் கண்ணை நேராகப் பார்க்கக் கூடாது. முகத்தைத் தாழ்த்தி, ஓரக்கண்ணால் பார்க்க வேண்டும். வெயில் நம் முதுகுப் பக்கம் இருந்தால் இன்னும் நல்லது. மீன் நம்மை நோக்கி வரும்போது அடிக்காமல், அது பக்கவாட்டில் திரும்பும் வரை பொறுக்க வேண்டும். அந்தத் திருப்பத்துக்கு முன் அவசரப்பட்டவர்கள்தாம் அதிகம்.

களவா மீனின் குணம் வேறு. அதற்குச் சொந்த வீடு உண்டு. நம்மைக் கண்டதும் பொந்துக்குள் போய்விடும். ஆனால் வந்தவன் போய்விட்டானா என்று பார்க்க வாசலுக்குத் திரும்பி வரும்! அந்த ஒரு பழக்கமே அதன் உயிருக்கு எமனாகிறது. மடவை கூட்டமாக ஓடும், நிற்காது. ஒரா மீன் பாசி மேய வரும். நீர் ஏற்றத்தின்போது திட்டுகளின் மேல் மேய்ச்சலுக்கு ஏறுகிற மீன்கள், வற்றும்போது வாய்க்கால் வழியாகத்தான் இறங்கியாக வேண்டும். பெரிய மீன் அந்த வாய்க்கால் முனையில் இரைக்காக நிற்கும். அலைக்கணக்குத் தெரிந்தவருக்குப் பாதி வேலை கரையிலேயே முடிந்துவிடும்.

அடிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சாதாரண ரப்பர் துப்பாக்கியை மூன்று மீட்டருக்கு மேல் நம்பாதீர்கள். செவுள் மூடிக்குச் சற்றுப் பின்னால், தலையை ஒட்டி, முதுகெலும்பில் பட்டால் மீன் அந்த இடத்திலேயே அடங்கிவிடும். வயிற்றில் பட்டால் சதையைக் கிழித்துக்கொண்டு ஓடிப் பொந்தில் போய்ச் சாகும், யாருக்கும் பயனில்லை. நெறியாளர் கேட்ட கொடுமை எங்கே என்றால், இந்த இடத்தில்தான். உறுதியில்லாத அம்பை விடாமல் மேலே வருகிறவரைத்தான் நான் நல்ல ஈட்டிக்காரர் என்பேன்.

மீனும் படிக்கிறது

கடல் பூங்காக்களில் முக்குளித்தவர்களுக்குத் தெரியும். ரெடாங்கிலும் தியோமானிலும் மீன் நம் மூக்குக்கு முன்னால் வந்து நிற்கும். மீன் பிடிக்கும் இடத்தில் அதே இனம் நம் நிழல் கண்டாலே ஓடும். மத்தியதரைக் கடலில் இதை அளந்து பார்த்து 2018இல் எழுதியிருக்கிறார்கள். பாதுகாக்கப்படாத கடலில், கையில் ஈட்டித் துப்பாக்கியோடு வரும் ஆளைக் கண்டால், வெறுங்கையோடு வருகிறவரைக் கண்டு விலகுவதைவிட அதிகத் தொலைவிலேயே மீன்கள் ஓடத் தொடங்கின. வேட்டையாடப்படும் இனங்களில் பெரிய மீனுக்கு எச்சரிக்கை இன்னும் அதிகம்.

ஆனால் விழித்திருந்தால்தானே எச்சரிக்கை? கிளிமீன் இரவில் தூங்கும். சில வகைக் கிளிமீன்கள் தம்மைச் சுற்றிச் சளியால் ஒரு கூடு கட்டிக்கொண்டு, கையால் தொடும் தூரத்தில் அசையாமல் கிடக்கும். டார்ச் விளக்கோடு இரவில் இறங்கினால் காத்திருக்கவும் வேண்டாம், குறி பார்க்கவும் வேண்டாம். பொறுக்கி எடுப்பதுதான்.

புடைத்த நெற்றியுடைய பெரிய கிளிமீன் ஒன்று உண்டு. 1.3 மீட்டர் நீளமும் 40 கிலோவுக்கு மேல் எடையும் வளரக்கூடியது. மீன்பிடிக்கத் தடையுள்ள சிப்பாடான் தீவில் விடியற்காலையில் இது மந்தை மந்தையாகப் போவதைப் பார்க்கவே வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள். ஒரு மீன் ஆண்டுக்கு 5 டன்னுக்கு மேல் பவளப் பாறையைக் கடித்துத் தின்று மணலாக வெளியே விடுகிறது. இதுவும் இரவில் ஆழம் குறைந்த இடத்தில் கூட்டமாகத் தூங்கும். நம் சபா அமைந்திருக்கும் அதே பவள முக்கோணக் கடலின் கிழக்குக் கோடியில் சாலமன் தீவுகள் இருக்கின்றன. அங்கே 1970களில் நீர்புகாத டார்ச் விளக்கு வந்த பிறகு, இரவு ஈட்டி வேட்டையால் பல இடங்களில் இந்த மீன் வெகுவாகக் குறைந்துபோயிற்று. எத்தனையோ தலைமுறையாக ஈட்டி இருந்தது, மீனும் இருந்தது. பேட்டரி விளக்கு வந்ததும் மீனுக்கு இருந்த ஒரே பாதுகாப்பு போய்விட்டது.

களவாவையும் சொல்ல வேண்டும். பெரும்பாலான களவா இனங்கள் பெண்ணாகவே வளர்ந்து, பெரிதான பிறகு சில ஆணாக மாறும். பாறையில் இருப்பதிலேயே பெரியதை மட்டும் தேடித் தேடி அடித்தால், அங்கே ஆண் மீனே இல்லாமல் போகும். நாள் பார்த்து, நிலவு பார்த்து முட்டையிடக் கூடும் இடத்தில் போய் அடிப்பதை நான் மீன்பிடிப்பு என்றே சொல்லமாட்டேன். சிகுவதேரா என்ற நச்சும் பெரிய பாறை மீன்களில்தான் அதிகம் சேரும். சமைத்தாலும் போகாது, உறைய வைத்தாலும் போகாது. தட்டு அளவு மீன் உங்கள் வீட்டுக்கும் நல்லது, கடலுக்கும் நல்லது.

இதையெல்லாம் பஜாவ் மக்களைக் குறைசொல்ல நான் பேசவில்லை. அவர்களில் பலருக்கு அடையாள அட்டைகூடக் கிடையாது, அன்றைய சோற்றுக்கு அன்றைய மீன். அதே கடலில் மீன் குண்டு போடுகிறவன் குஞ்சையும் பாறையையும் சேர்த்து அழிக்கிறான். அவனோடு ஒப்பிட்டால் ஒற்றைக் கம்பியோடு இறங்குகிறவர் எவ்வளவோ மேல். வார இறுதியில் விலையுயர்ந்த துப்பாக்கியோடு போகும் நம்மைப் போன்றவர்களுக்குத்தான் சொல்கிறேன்.

நேரம் முடிகிறது என்று நெறியாளர் சைகை காட்டுகிறார். இளைஞர்களுக்கு ஒரு செய்தி பாக்கி இருக்கிறது. இந்த விளையாட்டில் உயிரைக் குடிப்பது சுறாவன்று, மூச்சு.

10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. அதனால் நுரையீரலில் மிச்சமிருக்கும் கொஞ்ச உயிர்வளியும் கீழே போதுமானதாகவே தோன்றும். மேலே ஏறும்போது அழுத்தம் பாதியாகக் குறைய, அதுவும் குறையும். கடைசிச் சில மீட்டரில், வெளிச்சம் கண்ணுக்குத் தெரியும்போதே, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் மயக்கம் வரும். இறங்கும் முன் வேகவேகமாக மூச்சை இழுத்து விட்டுக்கொள்வது இதை இன்னும் மோசமாக்கும். அதனால் உயிர்வளி பெரிதாகக் கூடுவதில்லை. கரியமில வாயுதான் வெளியேறுகிறது. மூச்சு விடு, மூச்சு விடு என்று நம்மை உந்துவதே அந்த வாயுதான். மணி அடிக்கிற காவலாளியை நாமே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம்.

ஆகையால் இருவராகப் போங்கள். ஒருவர் கீழே இருக்கும்போது மற்றவர் மேலே இருந்து பார்க்க வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் இறங்கினால் தனியாகப் போனதற்குச் சமம். மேலே வந்தவர் கையை ஆட்டிச் சிரித்தாலும் அடுத்த 30 விநாடிகளுக்குக் கண்ணை எடுக்காதீர்கள், மயக்கம் அப்போதும் வரும். வந்தால் முகத்தைத் தண்ணீருக்கு மேலே தூக்கி, முகக் கண்ணாடியைக் கழற்றி, கன்னத்தில் தட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். மூச்சு வரவில்லை என்றால் உடனே வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். இதைச் செய்ய ஒரு கூட்டாளி வேண்டும். அவருக்குக் கூலி ஒன்றும் வேண்டாம், பிடித்ததில் பாதியைக் கொடுத்தால் போதும்.