எச்சரிக்கையைப் படிக்கப் பழகுவோம்

(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

கணினியில் கட்டற்ற மென்பொருள் என்று ஒருவகை உண்டு. அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பார் 'குனூ' திட்டத்தை அறிவித்து இதற்கு வித்திட்டார். மனிதர் எழுதும் மூலநிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தருவது 'கம்பைலர்' எனப்படும் தொகுப்பி. குனூவின் ஜி.சி.சி. தொகுப்பி 1987இல் வெளிவந்தது.

நிரல் எழுதத் தெரியாத நாமும் ஒரு மென்பொருளை வீட்டிலேயே தொகுத்துப் பார்க்கலாம். கட்டளை கொடுத்ததும் திரையில் வரிகள் ஓடும். நடுவே 'வார்னிங்' என்று ஒன்று வரும். உடனே பிள்ளைகள், "சார், கெட்டுப் போச்சு!" என்று கையை எடுத்துவிடுகிறார்கள். கெட்டுப் போகவில்லை. மலாயில் 'அமாரான்' வேறு, 'ராலாட்' வேறு அல்லவா? எச்சரிக்கை வந்தாலும் வேலை நடக்கும். பிழை வந்தால்தான் நிற்கும். அதற்காக எச்சரிக்கையைத் தள்ளிவிடவும் கூடாது.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். சி மொழியில் ஒரு செயற்கூறை அழைக்குமுன் அதன் பெயரை அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் அழைப்பது, செக்ரோலில் பேர் இல்லாத ஆளை வேலைக்கு விட்ட மாதிரி. அந்த ஆள் இன்னார்தான் என்று கிராணி தாமாகவே எழுதிக்கொண்டால் என்ன ஆகும்? தொகுப்பியும் அப்படித்தான், 'இது முழு எண் தரும்' என்று ஊகித்துக்கொள்ளும். வருவது 64 பிட் முகவரியாக இருந்தால் அதில் பாதி தொலையும். மென்பொருள் ஓடும்போது திடீரென நின்றுவிடும்.

1999இல் வந்த சி மொழித் தரம் இவ்வழக்கத்தை நீக்கியது. ஜி.சி.சி.யோ பல ஆண்டுகள் எச்சரித்ததோடு விட்டது. 2024இல் வந்த 14ஆம் பதிப்பு அதையே பிழையாக்கிவிட்டது. கவனிக்காமல் விட்ட பழைய மென்பொருள்கள் அங்கே முடங்கின.

திருத்துவது எப்படி? அந்தச் செய்தியிலேயே கோப்பின் பெயரும் வரி எண்ணும் இருக்கும். பல வேளைகளில், எந்தத் தலைப்புக் கோப்பைச் சேர்க்க வேண்டும் என்ற விடையும் இருக்கும். முதலில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். பிறகு கோப்பைத் திறந்து, மேலே அந்த ஒரு வரியைச் சேர்த்து, மறுபடி தொகுங்கள். பத்துச் செய்தி வந்தால் முதலாவதையே முதலில் பாருங்கள். எச்சரிக்கையை அடக்கவும் கட்டளை உண்டு. ஆனால் நாய் குரைக்கிறதென்று அதன் வாயைக் கட்டினால் திருடன் போய்விடுவானா?

திருத்தத்தை அந்த மென்பொருளைப் பராமரிப்பவருக்கும் அனுப்பலாம். தோட்டத்துப் பிள்ளை சேர்த்த ஒரு வரி, கடல் கடந்தும் ஒருவருக்கு உதவும்.

பெற்றோர்களே, பிள்ளை கணினி முன் உட்கார்ந்தால், "எதையும் தொடாதே" என்று அதட்டாதீர்கள். "என்ன எழுதியிருக்கு, படிச்சுச் சொல்லு" என்று கேளுங்கள். நமக்கு ஆங்கிலம் வராவிட்டாலும் பரவாயில்லை, அந்தக் கேள்வி போதும். பிள்ளை பயம் விட்டுப் படிக்கும்.