நம் வண்டிக்கு எந்த கூலன்ட்?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

செயலாளர் எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். அடுத்து தண்ணீர் மோட்டார் செலவுக் கணக்கு இருக்கிறது, அதற்குத்தான் பாதிப் பேர் வந்திருக்கிறீர்கள் என்பதும் தெரியும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நம் பார்க்கிங்கில் ஏழு பேர் உட்காரும் வண்டிகள்தான் இப்போது அதிகம். இன்னோவா, எர்டிகா, கேரன்ஸ், டிரைபர், ஈக்கோ, பழைய டவேராகூட ஒன்று நிற்கிறது. பள்ளி விடுமுறை விட்டதும் இவை எல்லாம் கொடைக்கானலுக்கும் வேளாங்கண்ணிக்கும் திருப்பதிக்கும் கிளம்பிவிடும். ஏழு பேர், மேலே கேரியரில் பெட்டிகள், ஏசி முழு வேகத்தில், வெளியே கத்திரி வெயில். வருடத்திலேயே இன்ஜின் அதிகம் கஷ்டப்படுவது அந்த நாட்களில்தான். அதற்கு முன்னால் என்னிடம் வரும் கேள்விகள் மூன்று. எந்தக் கலர் கூலன்ட் ஊற்ற வேண்டும்? தண்ணீரே ஊற்றினால் என்ன? எத்தனை வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். "கூலன்ட் எல்லாம் காஷ்மீர்க்காரனுக்கு, பனியில் தண்ணீர் உறையாமல் இருக்க. புதுக்கோட்டையில் எதுக்குங்க?" என்று ஒருவர் கேட்டார். பாதி நியாயம். கூலன்ட் என்பது பெரும்பாலும் எத்திலீன் கிளைகாலும் தண்ணீரும் கலந்தது. சரிபாதி கலந்தால் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. அந்தக் குணம் நமக்கு வேண்டியதில்லை. ஆனால் அதே கலவை திறந்த பாத்திரத்தில் சுமார் 107 டிகிரியில்தான் கொதிக்கும். ரேடியேட்டர் மூடியின் அழுத்தத்தில் அது 125 டிகிரியைத் தாண்டும். இது நமக்கு வேண்டும்.

ரேடியேட்டர் மூடியைப் பிரஷர் குக்கர் மூடி என்று நினைத்துக்கொள்ளுங்கள். பல வண்டிகளில் அதன் மேல் 0.9 அல்லது 1.1 என்று எண் போட்டிருக்கும். அந்த அழுத்தம் வரை அது உள்ளே அடைத்து வைக்கும். மூடியின் ரப்பர் போய்விட்டால் அழுத்தமே நிற்காது. அப்போது உள்ளே வெறும் தண்ணீர் இருந்தால் நம் ஊரில் 100 டிகிரியில் கொதித்துவிடும். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதிக்கும். நம் இன்ஜின்கள் சாதாரணமாக ஓடுவதே 90 டிகிரிக்குப் பக்கத்தில். மலை ஏறும்போது எவ்வளவு குறைவான இடைவெளியில் ஓட்டிக்கொண்டிருக்கிறோம் என்று பாருங்கள். நல்ல கூலன்ட் ஊற்றி மூடியைக் கவனிக்காமல் விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மூடியின் விலை அதிகமில்லை. சந்தேகமாக இருந்தால் மாற்றிவிடுங்கள், ஆனால் அதே எண் போட்ட மூடியாக வாங்குங்கள்.

அடுத்தது துரு. அந்தக் காலத்து பஸ், லாரிகளில் மலைப்பாதையில் கிளீனர் வாளியோடு இறங்கித் தண்ணீர் ஊற்றியதைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். அது கனமான வார்ப்பிரும்பு இன்ஜின். கொஞ்சம் துருப்பிடித்தாலும் தாங்கும். இன்றைய வண்டிகளில் சிலிண்டர் ஹெட், ரேடியேட்டர் எல்லாம் அலுமினியம். ரேடியேட்டரின் குழாய்கள் மிக மெல்லியவை. கூலன்ட்டில் கிளைகாலோடு அரிப்பைத் தடுக்கும் உப்புகளும் அமிலங்களும் கலந்திருக்கும். நாம் கொடுக்கும் காசு முக்கியமாக அதற்குத்தான். நாளாக ஆக அந்தச் சரக்கு தீர்ந்துபோகும், கிளைகாலும் மெல்ல அமிலமாக மாறும். அப்புறம் பார்க்க நிறம் அப்படியே இருக்கும், பாதுகாப்பு இருக்காது.

இனி நம் ஊர் விஷயம். நம் கட்டடத்தின் போர் தண்ணீர் எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கீசர் காயிலைக் கழற்றினால் சுண்ணாம்பு ஓடு. ஷவர் ஓட்டைகள் ஆறு மாதத்தில் அடைத்துக்கொள்கின்றன. குளியலறைக் கறுப்பு டைல்ஸ் வெள்ளையாகிவிட்டது. ஒரு வாளி கொதித்தாலே இந்த ஓடு படிகிறது. இன்ஜினில் அந்தத் தண்ணீர் நாள் முழுக்கச் சூட்டில் சுற்றுகிறது.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. ஜப்பான், கொரிய நிறுவனங்கள் தங்கள் கூலன்ட்டில் பொதுவாகப் பாஸ்பேட் சேர்க்கும், சிலிகேட்டைத் தவிர்க்கும். சிலிகேட் வாட்டர் பம்ப் சீலைத் தேய்த்துவிடும் என்பது அவர்கள் பயம். ஐரோப்பிய நிறுவனங்கள் அதற்கு நேர்மாறு. சிலிகேட்டை ஏற்றுக்கொள்வார்கள், பாஸ்பேட்டைத் தவிர்ப்பார்கள். அங்கே பல ஊர்களில் தண்ணீர் நம்முடையதைப் போலக் கடினமானது. தண்ணீரில் இருக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்தால் திரிந்து படிவாகிவிடும். நம் பார்க்கிங்கில் பாதிக்கு மேல் ஜப்பான், கொரிய வண்டிகள். அவற்றின் கூலன்ட்டில் போர் தண்ணீரைக் கலப்பது, கீசர் காயிலில் படிகிற அதே ஓட்டை ரேடியேட்டருக்குள் வேகமாக வளர்க்கிற வேலை.

அப்படியானால் எந்தத் தண்ணீர்? தண்ணீர் கலக்கத் தேவையில்லாத, 'ரெடி டு யூஸ்' என்று போட்ட கேனை வாங்குவது நம் ஊருக்கு நல்லது. விலை கொஞ்சம் கூடத் தெரியும், ஆனால் கேனில் பாதி சுத்தமான தண்ணீர். கான்சென்ட்ரேட் வாங்கினால் இன்வெர்ட்டருக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரைக் கலக்குங்கள். கடையில் "பேட்டரி தண்ணீர்" என்று கேட்கும்போது அது வெறும் டிஸ்டில்டு வாட்டர்தான், ஆசிட் அல்ல என்று லேபிளைப் படித்துவிடுங்கள். சமையலறை ஆர்.ஓ. தண்ணீர் போரைவிட எவ்வளவோ மேல், ஆனால் பல மெஷின்களில் ருசிக்காகக் கொஞ்சம் பழைய தண்ணீரைத் திரும்பக் கலக்கும் அமைப்பு இருக்கிறது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பவர்கள் செடிக்கு ஊற்றுங்கள்.

கான்சென்ட்ரேட்டை அப்படியே ஊற்றினால் இன்னும் நல்லது என்று நினைக்க வேண்டாம். வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீர்தான் கெட்டிக்காரன், கிளைகால் மந்தம். தண்ணீர் இல்லாத கூலன்ட்டில் இன்ஜின் இன்னும் சூடாகும். சரிபாதி கலப்பது பாதுகாப்பான கணக்கு. மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே கூலன்ட் குறையக் கூடாது, குறைந்தால் அரிப்பைத் தடுக்கும் மருந்து நீர்த்துவிடும்.

கலருக்கு வருவோம். பச்சை, சிவப்பு, பிங்க், நீலம் எல்லாம் கசிந்தால் கண்ணுக்குத் தெரிவதற்காகவும் நிறுவனத்தின் அடையாளத்துக்காகவும் சேர்க்கும் சாயம். எந்தக் கலருக்கு எந்த ரசாயனம் என்று உலகத்தில் பொது விதி கிடையாது. டொயோட்டாவின் சூப்பர் லாங் லைஃப் பிங்க்காக இருக்கும். வேறொரு நிறுவனம் முற்றிலும் வேறு சரக்கைப் பிங்க் கலரில் விற்கலாம். ஆகவே கடைக்காரரிடம் "பிங்க் கொடுங்க" என்று கேட்காதீர்கள். வண்டியோடு வந்த கையேட்டில் என்ன வகை என்று எழுதியிருக்கிறதோ அதைச் சொல்லிக் கேளுங்கள். கையேடு தொலைந்திருந்தால் நிறுவனத்தின் இணையதளத்தில் மாடலும் வருடமும் கொடுத்து இறக்கிக்கொள்ளலாம். கம்பெனி கூலன்ட்தான் வேண்டும் என்பதில்லை. ஆனால் கேனில் ஐ.எஸ். 5759, ஜே.ஐ.எஸ். கே 2234, ஏ.எஸ்.டி.எம். டி 3306 போன்ற தர எண்களில் ஒன்றாவது அச்சிட்டிருக்க வேண்டும். எண்ணே இல்லாமல் "எல்லா வண்டிக்கும் ஏற்றது" என்று மட்டும் எழுதிய கலர் தண்ணீரை நான் வாங்க மாட்டேன்.

எப்போது மாற்றுவது என்பதும் வகையைப் பொறுத்ததுதான். பழைய வகைக் கூலன்ட் என்றால் இரண்டு வருடம் அல்லது 40,000 கிலோமீட்டர். டொயோட்டா தன் சூப்பர் லாங் லைஃப் கூலன்ட்டுக்குப் பல மாடல்களில் சொல்லும் கணக்கு முதல் முறை 1,60,000 கிலோமீட்டர், அதற்குப் பிறகு 80,000க்கு ஒருமுறை. வழியில் எங்கேயோ வேறு கூலன்ட்டைக் கலந்துவிட்டால் இந்த நீண்ட கணக்கு செல்லாது. குறைந்த ஆயுள் உள்ளதன் கணக்கைத்தான் பார்க்க வேண்டும். செகண்ட் ஹேண்டாக வாங்கி, உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாதவர்கள் முழுவதும் வடித்து, டிஸ்டில்டு வாட்டரால் அலசி, ஒரே வகையாக ஊற்றித் தேதியை எழுதி வையுங்கள்.

ஈக்கோ, பழைய ஆம்னி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில், ரேடியேட்டர் வண்டியின் மூக்கில். கூலன்ட் மாற்றும்போது உள்ளே காற்று சிக்கிக்கொள்ளும். காற்றை முழுக்க வெளியேற்றத் தெரிந்த மெக்கானிக்கிடம் மட்டும் கொடுங்கள். இன்னோவா ஹைகிராஸ் ஹைபிரிட் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு கூலன்ட் டப்பாக்கள், ஒன்று இன்ஜினுக்கு, மற்றது இன்வெர்ட்டருக்கு. இரண்டையும் பாருங்கள். கண்ணாடி துடைக்கும் சோப்புத் தண்ணீர் டப்பாவும் பக்கத்திலேயே இருக்கும். மாற்றி ஊற்றியவர்கள் உண்டு, நான் பெயர் சொல்லவில்லை.

பார்ப்பது காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது. டப்பாவில் ஃபுல், லோ என்ற இரண்டு கோட்டுக்கு நடுவில் இருக்க வேண்டும். அடிக்கடி குறைந்தால் திரும்பத் திரும்ப ஊற்றிக்கொண்டிருக்காதீர்கள். மூடிய அமைப்பில் கூலன்ட் தானாகக் குறையாது. எங்கோ ஒழுகுகிறது. ஹோஸ் கிளிப்பாக இருந்தால் சின்னச் செலவு. கூலன்ட் பழுப்பாகவோ, மேலே மோர் போல எண்ணெய் கலந்தோ இருந்தால் அன்றைக்கு ஊர்ப் பயணம் வேண்டாம்.

வழியில் சூடாகிவிட்டால்? கீரனூர் தாண்டி திருச்சிக்கு நடுவில் சிவப்பு விளக்கு எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏசியை அணையுங்கள். ஹீட்டரை முழுதாகத் திறந்து விடுங்கள். மே மாதத்தில் ஹீட்டரா என்று பின்சீட்டில் சண்டை வரும், ஆனால் அது இன்ஜின் சூட்டை வெளியே இழுக்கும் இன்னொரு குட்டி ரேடியேட்டர். பாதுகாப்பான இடத்தில் ஓரம் கட்டுங்கள். ஆவி வந்தால் உடனே இன்ஜினை நிறுத்துங்கள். ஆவி நிற்கும் வரை பானெட்டைத் திறக்காதீர்கள். மூடியை அரை மணி நேரத்துக்குக் கண்டிப்பாகத் தொடாதீர்கள். துணியைச் சுற்றிக்கொண்டு திறக்கலாம் என்று யாராவது உதவிக்கு வருவார், மறுத்துவிடுங்கள். அழுத்தம் விடுபட்ட நொடியில் உள்ளே இருப்பது கொதித்து முகத்தில் அடிக்கும். சூடான இன்ஜின் மேல் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டவும் கூடாது, ஹெட் வெடித்துவிடும். நன்றாக ஆறிய பிறகு கையில் கூலன்ட் இல்லையென்றால் கடையில் வாங்கிய பாட்டில் தண்ணீரை ஊற்றி ஒர்க்‌ஷாப் வரை போகலாம். கண்மாய்த் தண்ணீரைவிட அது மேல். அடுத்த சில நாட்களில் வடித்துச் சரிசெய்துவிடுங்கள்.

இப்போது சொல்லப்போவது வண்டி இல்லாதவர்களுக்கும் சேர்த்து. எத்திலீன் கிளைகால் விஷம். அதோடு இனிப்பு. நாய், பூனை தேடி வந்து நக்கும். ஒரு பூனைக்கு ஒரு தேக்கரண்டியே போதும். மனிதருக்கு முதலில் போதை ஏறியது போலத் தெரியும், பிறகு சரியானது போலக்கூட இருக்கும், அடுத்த ஓரிரு நாளில் சிறுநீரகம் நின்றுவிடும். 2025இல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் இருமல் மருந்து குடித்த சிறு குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததைச் செய்தியில் படித்தோம். தமிழ்நாட்டில் தயாரான அந்த மருந்தில் இருந்தது டைஎத்திலீன் கிளைகால், இதன் நெருங்கிய உறவு.

நம் பார்க்கிங்கில் மீந்த கூலன்ட்டைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றித் தூண் ஓரமாக வைத்திருப்பதைப் பார்க்கிறேன். பிங்க் நிறம், ரோஸ் மில்க் மாதிரியே இருக்கிறது. சாயங்காலம் அந்தத் தூண்களைச் சுற்றித்தான் குழந்தைகள் கண்ணாமூச்சி விளையாடுகிறார்கள். தயவுசெய்து இன்றைக்கே எடுத்துவிடுங்கள். மீந்ததை அதன் சொந்தக் கேனிலேயே மூடி, வீட்டில் உயரமான அலமாரியில் வையுங்கள். கசப்பு சேர்த்து விற்கும் நிறுவனங்களும் உண்டு, எல்லாக் கேனிலும் சேர்த்திருக்கும் என்று நம்பியிருக்க முடியாது. யாராவது குடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே அறிகுறிக்காகக் காத்திருக்க வேண்டாம். 108ஐ அழையுங்கள், அல்லது நேராக அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு, அந்தக் கேனையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். மாற்று மருந்து இருக்கிறது, ஆனால் சீக்கிரம் கொடுத்தால்தான் பலன்.

கடைசியாகப் பழைய கூலன்ட். பார்க்கிங் தரையில் வடித்து ஹோஸ் பிடித்துக் கழுவிவிடுகிறார்கள். அந்த வடிகால் எங்கே போகிறது என்று பிளம்பரோடு சேர்ந்து பார்த்தேன். நம் மழைநீர் சேகரிப்புக் குழிக்குப் போகிறது. அந்தக் குழி போருக்குப் பக்கத்தில் இருக்கிறது. கிளைகால் மண்ணில் சிதைந்துவிடும் என்பது உண்மைதான், ஆனால் இன்ஜினிலிருந்து வந்த உலோகத் துகள்களும் எண்ணெயும் அப்படிச் சிதையாது. எனவே கூலன்ட் மாற்றுவதை ஒர்க்‌ஷாப்பில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில்தான் செய்வேன் என்பவர்கள் அகலமான டிரேயில் பிடித்து, கேனில் அடைத்து, பழைய ஆயில் வாங்கும் ஒர்க்‌ஷாப்பில் கேட்டுக் கொடுங்கள். தரையில் சிந்தினால் மணல் போட்டு உறிஞ்சி அள்ளிவிடுங்கள். ஒரு டிரேயும் ஒரு வாளி மணலும் வாட்ச்மேன் அறைக்குப் பக்கத்தில் வைக்கச் சங்கத்திடம் கேட்டிருக்கிறேன், பொருளாளர் தலையாட்டியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் கீழே இருப்பேன். கையேட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள், வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் வையுங்கள், சேர்ந்து பார்த்துவிடலாம். இப்போது மோட்டார் கணக்கைத் தொடங்கலாம்.