மஞ்சள் கடுதாசியும் மானமும்

(ஆலங்குடி வட்டாரக் கிராமம் ஒன்றில் நடந்த கூட்டத்தில் பேசியது)



இன்று என்னைக் கடன் விஷயமாய்ப் பேசும்படி கேட்டிருக்கிறார்கள். இவ்விஷயத்தில் நான் படித்துத் தெரிந்து கொண்டதைவிடப் பட்டுத் தெரிந்து கொண்டதே அதிகம். நான் வக்கீலுமல்ல, எட்டாவது வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போனவனுமல்ல. ஒரு சின்ன அச்சுக்கூடம் வைத்திருந்து, கடன்பட்டு, கடைசியில் கோர்ட்டில் மஞ்சள் கடுதாசி கொடுத்தவன். இதைச் சொல்ல நான் வெட்கப்படவில்லை. ஏன் வெட்கப்படவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்த மேடையில் ஏறினேன்.

என் தொழில் கலியாணப் பத்திரிகையும், ஆடி, ஆவணி மாதங்களில் மொய் விருந்துப் பத்திரிகையும் அடிப்பது. கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கத்து விருந்துகளை நம்பியே கடன் வாங்கி ஒரு மிஷின் போட்டேன். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வந்தது. தென்னை சாய்ந்தது, தென்னையோடு குடியானவன் சாய்ந்தான், அவனோடு என் அச்சுக்கூடமும் சாய்ந்தது. புதிதாய் நட்ட தென்னை காய்க்க ஐந்தாறு வருஷம் ஆகும். ஆனால் தவணை மாதா மாதம் காய்க்கிறது! அந்தச் சமயத்தில் குழுக்கடன் வாங்கிய பெண்களின் வாசலில் வசூல்காரர்கள் வந்து நின்றதையும், அப்பெண்கள் கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு போனதையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பிறகு 2020 இல் கொரோனா வந்து கலியாணமும் விருந்தும் நின்றன. எனக்கு ஒன்பது லட்ச ரூபாய்க்கு மேல் கடன் நின்றது.

அப்பொழுது போன் மணி அடிக்கத் தொடங்கிற்று. காலை ஆறு மணிக்கு ஒருவன், இரவு பத்து மணிக்கு ஒருவன். என் மைத்துனருக்குப் பேசினார்கள். எனக்குக் காகிதம் கொடுக்கும் கடைக்காரருக்குப் பேசினார்கள். ஒரு நாள் என் பத்து வயது மகன் போனை எடுத்து, "அப்பா ஊரில் இல்லை" என்று சொன்னான். நான் பக்கத்து அறையில் நின்று கொண்டிருந்தேன். மேடைதோறும் "பயப்படாதே, பொய் பேசாதே, எதையும் ஏன் என்று கேள்" என்று ஊருக்குச் சொல்லி வந்தவனுடைய பிள்ளை, அப்பனுக்காகப் பொய் சொல்லப் பழகிக் கொண்டான். தோழர்களே, கடன் என்னை அன்று வெட்கப்படுத்தவில்லை. அந்தப் பொய்தான் வெட்கப்படுத்தியது.

உறவினர் சும்மா இருப்பார்களா? "பூர்வ ஜென்மத்து வினை" என்றார் ஒருவர். "கடன் தீராமல் செத்தால் கடன் கொடுத்தவன் வீட்டில் மாடாய்ப் பிறந்து உழைக்க வேண்டும்" என்றாள் என் அத்தை. ஒரு சோதிடர் மைத்திர முகூர்த்தம் என்று ஒரு நேரம் குறித்துக் கொடுத்து, அந்த நேரத்தில் கடனில் கொஞ்சம் கட்டினால் முழுக் கடனும் அடைந்து விடும் என்று சொல்லி, அதற்கு ஐந்நூறு ரூபாய் வாங்கிக் கொண்டார். என் கடன் ஐந்நூறு ரூபாய் ஏறியதுதான் மிச்சம்!

ஒரு இரவு உட்கார்ந்து யோசித்தேன். போனில் பேசுகிறவன் கையில் என்ன இருக்கிறது? கத்தியா? வாரண்டா? ஒன்றுமில்லை. அவனிடம் இருக்கும் ஒரே முதல் என்னுடைய வெட்கம். அதைத்தான் அவன் வட்டிக்கு விடுகிறான். கடன் என்பது கணக்கு; மானம் என்பது வேறு. இரண்டையும் ஒன்றாய்க் கட்டி வைத்தவர்கள் நாமே. கட்டை அவிழ்த்து விட்டால் மிஞ்சுவது கணக்கு மாத்திரந்தான். கணக்கைத் தீர்க்கச் சட்டமிருக்கிறது, கோர்ட்டிருக்கிறது.

நம் பக்கத்து ஜனங்களுக்குக் கணக்கு எழுதத் தெரியாதா? நூறு ரூபாய் மொய் வைத்தவன் பேரைக் கூடப் பத்து வருஷம் நோட்டில் வைத்திருக்கிறோமே! அது போலவே ஒரு நோட்டுப் போட்டேன். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த நம்பர், என்ன பேர், எந்தக் கம்பெனி, என்ன சொன்னான் என்று ஒவ்வொரு போனையும் எழுதினேன். வந்த செய்திகளை அழிக்காமல் வைத்தேன். பேசும்போது நான்கே வார்த்தை சொன்னேன்: "கடனை இல்லை என்று சொல்லவில்லை. இப்போது கட்ட முடியாது. உங்கள் பேரும், கம்பெனி கொடுத்த அதிகாரக் கடிதமும் வேண்டும். மற்றதை எழுத்தில் அனுப்புங்கள்." ஏசினால் நான் ஏசவில்லை. மணியைக் குறித்துக் கொண்டு போனை வைத்து விட்டேன். ஏசுகிறவனுக்கு எதிரொலி இல்லாவிட்டால் சீக்கிரம் தொண்டை வறண்டு போகிறது.

இன்னொன்றும் தெரிந்து கொண்டேன். 2022 ஆம் வருஷம் ரிசர்வ் பாங்கு போட்ட உத்தரவுப்படி, வசூல் ஏஜெண்டு காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கடன்காரரைக் கூப்பிடக் கூடாது. குழுக்கடன் போன்ற சிறு கடன்களுக்குக் காலை 9 முதல் மாலை 6 வரைதான். மிரட்டக் கூடாது, ஏசக் கூடாது, உறவினரையும் சிநேகிதரையும் தொந்தரவு செய்யக் கூடாது. சோதிடர் குறித்த முகூர்த்தத்தைவிட இந்த முகூர்த்தம் நமக்குப் பிரயோசனமானதல்லவா? மீறினால் முதலில் அந்த பாங்குக்கோ கம்பெனிக்கோ எழுத்தில் புகார் கொடுங்கள். முப்பது நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் பாங்கின் குறைதீர்ப்பாளருக்கு எழுதுங்கள், அதற்குக் கட்டணமில்லை. நோட்டு வைத்திருப்பவன் புகார்தான் நிற்கும். தமிழ்நாடு சட்டசபையும் 2025 இல் ஒரு சட்டம் செய்தது. கடனை வற்புறுத்தி வசூலித்தால் மூன்று வருஷம் வரை சிறை, ஐந்து லட்ச ரூபாய் வரை அபராதம் என்று அதில் இருக்கிறது. கந்து வட்டி, மீட்டர் வட்டிக்கு எதிராக 2003 இலேயே தனிச் சட்டம் உண்டு.

"போலீசை அனுப்பிப் பிடித்து வருவோம்" என்பான். கடன் கட்ட முடியாமற் போவது குற்றமல்ல, சிவில் வழக்கு. கோர்ட்டில் தீர்ப்பு வாங்கிய பிறகும், நேர்மையான ஏழையை வெறும் ஏழ்மைக்காகச் சிறையில் வைக்கக் கூடாது என்று 1980 இல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. தாய்மார்களே, பணத் தீர்ப்புக்காகப் பெண்களைக் கைது செய்யவே கூடாது என்பது 1908 ஆம் வருஷத்துச் சிவில் நடைமுறைச் சட்டம். ஆனால் ஒரு எச்சரிக்கை: செக் திரும்பிய நோட்டீசும் கோர்ட்டுச் சம்மனும் வெறும் மிரட்டல் அல்ல. அவற்றை ஒரு நாளும் வாங்காமல் விடாதீர்கள்.

இனி மஞ்சள் கடுதாசி. கோடிக் கணக்கில் கடன்பட்ட கம்பெனிகளுக்கு 2016 இல் புதுச் சட்டம் செய்தார்கள். பாங்குகள் வந்தது வரை வாங்கிக் கொண்டு மீதியை விடுகின்றன. அந்த முதலாளியைப் பார்த்து எந்த அத்தையாவது "மாடாய்ப் பிறப்பாய்" என்று சொன்னதுண்டா? அந்தச் சட்டத்தில் சாதாரண ஜனங்களுக்கான பாகம் இன்னும் நடைமுறைக்கு வராததால், நமக்கு 1920 ஆம் வருஷத்து மாகாண இன்சால்வென்சிச் சட்டமே கதி. கடன் ஐந்நூறு ரூபாய்க்குக் குறையாமலும், கட்டச் சக்தி இல்லாமலும் இருந்தால் மனுக் கொடுக்கலாம். கடன் கொடுத்தவர் அத்தனை பேரையும், உள்ள சொத்து அத்தனையையும் எழுத வேண்டும். கோர்ட்டு நம்மைத் திவால் என்று தீர்மானித்தால், சொத்து கோர்ட்டின் வசமாகும். கடன் கொடுத்தவர் கோர்ட்டின் அனுமதியின்றி நம் மேல் தனியே பாய முடியாது. உடுப்பு, படுக்கை, சமையல் பாத்திரம், தொழிலாளியின் கருவி, உழவனின் ஏர் மாடு ஆகியவற்றைச் சட்டம் விட்டு வைக்கிறது.

மனுக் கொடுத்த அன்றே போன் நின்று விடும் என்று நினைக்காதீர்கள். எனக்கு நிற்கவில்லை. அதன் பின் வந்த போனுக்கெல்லாம் மனு நம்பரைச் சொல்லி, "பேச வேண்டியதைக் கோர்ட்டில் பேசுங்கள்" என்றேன்.

"இது ஊரை ஏமாற்றும் வழியல்லவா?" என்று சிலர் கேட்கலாம். ஒளிக்கிறவனுக்கு அது ஏமாற்றுத்தான். வீட்டை மச்சான் பேருக்கு எழுதி வைத்து விட்டு மனுக் கொடுத்தால், இரண்டு வருஷத்துக்குள் செய்த அந்தப் பத்திரத்தைக் கோர்ட்டு தள்ளி விடலாம். ஒளித்ததற்குத் தண்டனையும் உண்டு. அதிகமாய்க் கத்துகிறவனுக்கு மாத்திரம் கொஞ்சம் கட்டி வாயை அடைப்பதும் தப்பு. மனுவுக்கு முந்தின மூன்று மாதத்தில் அப்படிச் செய்ததும் செல்லாமற் போகலாம். பழைய கடனுக்குப் புதுக் கடன் வாங்குவது எரிகிற கூரையில் எண்ணெய் ஊற்றுவதே.

நஷ்டங்களையும் சொல்லி விடுகிறேன். அடகு வைத்த நகையின் மேல் அடகு பிடித்தவன் உரிமை போகாது. ஜாமீன் போட்டவர் தப்ப மாட்டார். அவரிடம் முதலில் நீங்களே போய்ச் சொல்லுங்கள். திவாலானவர் உள்ளூர் மன்றத் தேர்தலில் நிற்க முடியாது. கோர்ட்டு குறித்த காலத்துக்குள் விடுதலைக்கு மனுச் செய்யாவிட்டால் எல்லாம் ரத்தாகும். ஆகையால் வக்கீல் யோசனை அவசியம். பெண்களுக்கும், பட்டியல் ஜாதி, பழங்குடித் தோழர்களுக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் புதுக்கோட்டை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இனாமாய் வக்கீல் கிடைப்பார். 15100 என்று போன் செய்தால் வழி சொல்வார்கள்.

தோழர்களே! 2017 இல் நெல்லைக் கலெக்டர் ஆபீசு வாசலில் கந்து வட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே மாண்டது. அவர்களுக்கு வேண்டியிருந்தது சாவு அல்ல. கூட நிற்க நாலு பேர். மனம் உடைந்தவர் யாராயினும் 14416 என்ற நம்பருக்கு இரவு பகல் எந்நேரமும் பேசலாம். அதற்கும் முன்னால், பக்கத்து வீட்டுக்காரர் அவர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும்.

மணமக்களுக்கு மஞ்சள் தடவிய பத்திரிகை ஆயிரக் கணக்கில் அடித்துக் கொடுத்தேன். அதை மங்களம் என்றார்கள். அந்தக் கலியாணங்களில் எத்தனையோ கடனில் நடந்தவை. அக்கடனை ஒழுங்காய் முடிக்கிற மஞ்சள் காகிதத்தை மாத்திரம் அவமானம் என்கிறார்கள். இதில் அறிவு எங்கே இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

இப்பொழுதும் என் வீட்டில் போன் அடிக்கிறது. என் மகன் எடுத்து, "அப்பா இருக்கிறார், கொடுக்கிறேன்" என்கிறான். எனக்குக் கிடைத்த லாபம் அதுதான். அந்த லாபம் உங்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் வர வேண்டும் என்று சொல்லி, இத்துடன் என் பேச்சை முடித்துக் கொள்ளுகிறேன்.